தமிழில் உயர்தரம், ஆங்கிலத்தில் மருத்துவம்: யாழ்ப்பாண மாணவருக்கான அனுமதி வழி

மருத்துவக் கல்விக்கு விண்ணப்பிப்பது என்றதும் நேர்முகத் தேர்வு, தன்னைப் பற்றிய கட்டுரை, ஆங்கிலத் தகைமைச் சான்றிதழ் ஆகியவை நினைவுக்கு வருவது மேலைநாட்டு நடைமுறைகளைக் கேள்விப்பட்டதன் விளைவேயாகும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஊடாக அனுமதி வழங்கும் இலங்கையின் அரச பல்கலைக்கழகங்கள் நடத்தும் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு இவற்றுள் ஒன்றும் கேட்கப்படுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒரு பாடசாலையில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றையும் தமிழில் கற்று, க.பொ.த. உயர்தரப் பரீட்சையையும் தமிழிலேயே எழுதி, அதன் பெறுபேற்றைக் கொண்டு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கும் மாணவர், ஆங்கிலத்தில் தமது திறமையை எவருக்கும் நிறுவாமலே மருத்துவ பீடத்தின் வாசலை அடைந்துவிடலாம். ஆனால் வாசலைத் தாண்டிய முதல் வாரத்திலிருந்து விரிவுரை, பாடநூல், எழுத்துப் பரீட்சை, வாய்மொழிப் பரீட்சை யாவும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. பிற நாடுகளில் அனுமதிக்கு முன் வைக்கப்படும் மொழிச் சோதனை இங்கே அனுமதிக்குப் பின்னால், அறிவிப்பின்றி வருகிறது. ஆகவே எந்தக் காலத்தில் எதற்காக உழைப்பது என்பதைப் பிரித்தறிவதே இவ்வழியில் செல்லும் மாணவருக்கு முதலில் வேண்டியதாகும்.

இசட் புள்ளியும் மாவட்டமும்

அனுமதியைத் தீர்மானிப்பது இசட் புள்ளி. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரதும் சராசரியைக் கழித்து, வரும் எண்ணை அப்பாடத்தின் நியம விலகலால், அதாவது புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவால் வகுத்தால் அப்பாடத்தின் இசட் புள்ளி கிடைக்கும். மூன்று பாடங்களினதும் சராசரியே இறுதிப் புள்ளியாகும். எடுத்துக்காட்டாக, பௌதிகவியலில் சராசரி 45 ஆகவும் நியம விலகல் 15 ஆகவும் அமைந்த ஓராண்டில் 75 பெற்றவருக்கு அப்பாடத்தில் 2.0 கிடைக்க, உயிரியலில் சராசரி 55 ஆகவும் நியம விலகல் 16 ஆகவும் அமைந்திருந்தால் அதே 75 அவருக்கு 1.25 மட்டுமே ஈட்டித்தரும். எல்லோருக்கும் கடினமாக அமைந்த பாடத்தில் எடுக்கும் நல்ல புள்ளிக்குப் பெறுமதி கூடுதலாக இருப்பது இதனாலேயே. உயிரியலை மனனம் செய்து முடித்த நிறைவில் பௌதிகவியலைக் கைவிடும் வழக்கம் உயிரியல் பிரிவில் பரவலாக உண்டு. அனுமதிக் கணக்கு அவ்வழக்கத்துக்கு முற்றிலும் எதிரானது.

உயர்தரப் பரீட்சையில் இடம்பெறும் பொது ஆங்கில வினாத்தாளின் புள்ளி இக்கணிப்பில் சேர்வதில்லை. எல்லாத் துறையினருக்கும் பொதுவான பொதுஅறிவு, நுண்ணறிவுத் தாளில் மட்டும் குறைந்தபட்சம் 30 புள்ளி பெற்றிருக்க வேண்டும். பொது ஆங்கிலம் கணக்கில் வராததால் பலர் அதனைப் பெயருக்கு எழுதிவிட்டு வருகின்றனர். அனுமதிக்கு இதனால் தீங்கு இல்லை, ஆயினும் அந்த அலட்சியத்தின் செலவு இரண்டு ஆண்டுகளின் பின் முதலாம் வருட விரிவுரை மண்டபத்தில் தெரியவரும்.

இசட் புள்ளியின் அடிப்படையில் இடங்கள் மூன்று வகையாகப் பகிரப்படுகின்றன: 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை வரிசைக்கும், 55 சதவீதம் மக்கள்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கும், எஞ்சிய 5 சதவீதம் கல்வி வசதி குறைந்தவை என வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் உரியவை. யாழ்ப்பாணத்தில் இக்கணக்கு வெறும் எண்ணாகப் பார்க்கப்படுவதில்லை. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தபோது மருத்துவ, பல் மருத்துவ அனுமதிக்குச் சிங்களமொழி மூல மாணவருக்கு 400க்கு 229 புள்ளியும் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளியும் வேண்டப்பட்டன. மொழிமூலத்தை வைத்து வரையப்பட்ட அந்தக் கோடு இந்நாட்டு அரசியலில் ஏற்படுத்திய வடு இன்னும் ஆறவில்லை. இன்றைய முறையில் வெட்டுப்புள்ளி மாவட்டத்தைப் பொறுத்து மாறுமே தவிர, பரீட்சை எழுதிய மொழியைப் பொறுத்து மாறாது.

மாவட்டம் எது என்பதில்தான் குடாநாட்டு மாணவர் சிலர் தடுமாறுகின்றனர். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய மாவட்டங்களிலிருந்து உயர்தரத்துக்கென யாழ்ப்பாணத்தின் பெரிய பாடசாலைகளுக்கு வந்து சேர்வோர் எப்போதும் உளர். ஆணைக்குழு மாவட்டத்தைத் தீர்மானிக்கும்போது வீட்டு முகவரியைவிடப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் பயின்ற பாடசாலைகளின் பதிவையே முதன்மையாகக் கொள்கிறது. பாடசாலை மாற்றத்தைத் தீர்மானிக்கும் முன்னரே இதைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். பெறுபேறு வந்தபின் பார்ப்பதில் பயன் குறைவு. ஒரே பெறுபேறு ஒரு மாவட்டத்தில் மருத்துவத்துக்குப் போதுமானதாகவும், அடுத்த மாவட்டத்தில் போதாததாகவும் இருக்கக்கூடும்.

உயர்தரத்தை ஆங்கிலத்தில் எழுதலாமா

2001 முதல் உயர்தர விஞ்ஞானப் பாடங்களை ஆங்கிலமொழி மூலம் கற்கவும் பாடசாலைகளில் இடமளிக்கப்பட்டுள்ளது. மருத்துவ பீடத்தில் எப்படியும் ஆங்கிலம்தானே, இப்போதே மாறிவிட்டால் என்ன என்ற கேள்வியைப் பெற்றோர் அடிக்கடி எழுப்புகின்றனர். சாதாரண தரம்வரை விஞ்ஞானத்தைத் தமிழில் கற்ற பிள்ளைக்கு எமது விடை வேண்டாம் என்பதே. உயிரியல் வினாத்தாளின் முதற்பகுதியில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலம் தரப்படுகிறது. இரண்டாம் பகுதியில் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும் மூன்று மணித்தியாலத்தில் எழுதி முடிக்கப்பட வேண்டும். வினாவை வாசித்தவுடன் கை தானாக எழுதவேண்டிய அத்தகைய இடத்தில் வசனத்துக்காக நின்று யோசிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இசட் புள்ளியிலிருந்து கழிக்கப்படுகிறது. மேலும் குடாநாட்டில் அனுபவமிக்க ஆசிரியர்கள், தனியார் கல்வி நிலையங்கள், பழைய வினாத்தாள் விளக்கங்கள் யாவும் பெரும்பாலும் தமிழிலேயே கிடைக்கின்றன. ஆறாந் தரத்திலிருந்தே விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் பயின்றவரின் நிலை வேறு. அவர் மொழியை மாற்றாதிருப்பதே நன்று.

மருத்துவத்தை ஆங்கிலத்தில்தான் கற்றாக வேண்டும் என்பது இயற்கை விதியன்று என்பதற்கு இம்மண்ணிலேயே சான்று உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் நடத்திய மருத்துவ வகுப்பை 1860களில் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரச உத்தியோகம் தேடி வெளியேறிவிட, தமிழில் கற்றவர்களே கிராமத்தில் தங்கி வைத்தியம் செய்வர் என்பது அவருடைய கணிப்பாக இருந்தது. 1872இல் வெளிவந்த ‘வைத்தியாகரம்’, 1875இல் வெளிவந்த ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அம்முயற்சியின் விளைச்சலாகும். 1873இல் அவர் நாடு திரும்பியபின் அம்மரபு நிலைக்கவில்லை. 1978இல் தொடங்கப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும், 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரியின் வழிவந்த ஏனைய பீடங்களைப் போலவே, ஆங்கிலத்திலேயே கற்பிக்கிறது. மாணவர் திட்டமிட வேண்டியது இந்த நடைமுறையை வைத்தே.

விண்ணப்பப் படிவம்

பெறுபேறு வெளியானபின் ஆணைக்குழு அவ்வாண்டுக்குரிய அனுமதிக் கைந்நூலை மூன்று மொழிகளிலும் வெளியிட்டு, குறித்த திகதிவரை இணையவழி விண்ணப்பங்களை ஏற்கிறது. கற்கைநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஒவ்வோர் இணைக்கும் யுனிகோட் எனப்படும் தனிக் குறியீடு உண்டு. கொழும்பு மருத்துவம் ஒரு குறியீடு, பேராதனை மருத்துவம் வேறொன்று, யாழ்ப்பாணம் வேறொன்று. விண்ணப்பதாரர் இக்குறியீடுகளைத் தமது விருப்ப ஒழுங்கில் நிரப்ப, தகுதி பெறும் மிக மேலான தெரிவே அவருக்கு வழங்கப்படுகிறது; அதற்குக் கீழுள்ளவை தாமாகவே நீங்கிவிடுகின்றன. கிடைக்காது என்ற அச்சத்தில் உண்மையான விருப்பத்தைக் கீழே தள்ளுவதால் எந்த நன்மையும் இல்லை. மறுபுறம், யாழ்ப்பாணத்தை மட்டும் இட்டுவிட்டு ஏனைய மருத்துவ பீடங்களை வெறுமையாக விடுவது, மருத்துவமே நோக்கமாயின், பெரும் தவறாகும். மருத்துவக் குறியீடுகளின் கீழ் பல் மருத்துவம், மிருக வைத்தியம், சித்த மருத்துவம், தாதியியல், மருந்தகவியல் முதலியவற்றை எவ்வொழுங்கில் இடுவது என்பதைப் பெறுபேற்றுக்கு முன்னரே வீட்டில் பேசி முடித்துவிடுதல் நல்லது; விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல்நாள் இரவு நடக்கும் குடும்ப மாநாடுகள் அநேகமாக மாமாமாரின் விருப்பத்திலேயே முடிகின்றன.

பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரத்தில் மூன்று தோற்றங்கள்வரை கணக்கில் எடுக்கப்படுகின்றன. ஒரு தடவை ஓர் அரச பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டவர் அடுத்த ஆண்டுப் பெறுபேற்றைக் கொண்டு வழமைபோல் விண்ணப்பிக்க முடியாதாகையால், வேறொரு கற்கைநெறி கிடைத்த நிலையில் மீண்டும் மருத்துவத்துக்கு முயல எண்ணுபவர், பதிவுப் படிவத்தில் ஒப்பமிடும் முன் அவ்வாண்டுக் கைந்நூலின் விதிகளை ஒருமுறை முழுமையாக வாசித்தாக வேண்டும்.

வெளிநாட்டு வாய்ப்புகளைப் பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். பிரித்தானியாவில் யூகாஸ் என்னும் மத்திய அமைப்பு ஊடாக ஒக்டோபர் 15க்குள் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே ஓராண்டில் அதிகபட்சம் நான்கு மருத்துவத் தெரிவுகளே அனுமதிக்கப்படுகின்றன. பெரும்பாலான கல்லூரிகள் யூகாட் என்னும் நுழைவுப் பரீட்சையைக் கேட்கின்றன. அதன் மொழித்திறன் பகுதியில் 22 நிமிடங்களில் 44 வினாக்கள் வருகின்றன, அதாவது பந்தியை வாசிப்பதும் சேர்த்து வினா ஒன்றுக்கு அரை நிமிடம்தான். இதற்கு மேல் ஐஈஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலச் சான்றிதழும் ஆங்கில நேர்முகமும் உண்டு. இந்தியாவின் நீட் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாமெனினும் அது தமிழ்நாட்டுக் கலைச்சொற்களில் அமைந்தது. கலம், இழையம், சதையி என்று கற்ற யாழ்ப்பாண மாணவருக்குச் செல், திசு, கணையம் என்பவை புதிதாகவே வந்து நிற்கும். எந்த நாட்டில் பட்டம் பெறினும் இலங்கைக்குத் திரும்பித் தொழில் செய்ய இலங்கை மருத்துவ சபை நடத்தும் ஈஆர்பிஎம் எனப்படும் பதிவுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதற்குத் தோற்றவும் அப்பல்கலைக்கழகம் சபையின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். முகவர் காட்டும் பிரசுரத்தை நம்பி முற்பணம் கட்டும் முன் சபையின் அங்கீகாரப் பட்டியலைப் பார்ப்பது பெற்றோரின் கடமை.

காத்திருக்கும் மாதங்கள்

உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் கழிகிறது. மொழிக்கான காலம் இதுவே. இக்காலத்தில் யாழ்ப்பாண நகரின் பேச்சு ஆங்கில வகுப்புகள் உயர்தரம் முடித்தவர்களால் நிரம்பிவிடுகின்றன. கூச்சம் தெளிவதற்கு அவை உதவலாம், ஆனால் சந்தையில் பொருள் வாங்குவது பற்றிய உரையாடலை மனனம் செய்வதால் உடற்றொழிலியல் பாடநூலின் ஒரு பக்கம் விளங்கிவிடாது.

இதைவிடப் பயன்தரும் கருவி மாணவரின் கைக்கு எட்டும் தூரத்திலேயே உள்ளது. தேசிய கல்வி நிறுவகம் உயர்தர உயிரியலுக்கான வளநூலை மும்மொழியிலும் வெளியிட்டுள்ளது. மாணவர் தமிழில் ஏற்கெனவே கரைத்துக் குடித்த மனித உடல் பற்றிய அலகை ஆங்கில நூலில் எடுத்து, முதலில் ஆங்கிலப் பந்தியை வாசித்து, விளங்காத இடத்தில் மட்டும் தமிழ் நூலைத் திறந்து பார்க்கும் முறையை நாளுக்கு இரண்டு மூன்று பக்கமாகத் தொடர்ந்தால், சில மாதங்களில் நெப்ரோனும் அல்வியோலசும் புதிய பாடமாக இராமல் தெரிந்த பொருளின் மறுபெயராகிவிடும். பொருள் முன்னரே தெரிந்திருப்பதால் கவனம் முழுவதும் வசனத்தின் மீது செல்லும். பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால ஆங்கில வினாத்தாள்களை இதே வகையில் நேரம் குறித்துச் செய்து பார்ப்பது அடுத்த படி.

மருத்துவச் சொற்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவற்றின் பெரும்பகுதி கிரேக்க, இலத்தீன் வேர்களால் ஆனது. ‘ஹெபட்’ ஈரலையும் ‘நெப்ர்’ சிறுநீரகத்தையும் குறிக்க, ‘ஐட்டிஸ்’ என்னும் இறுதிநிலை அழற்சியையும் ‘எக்டமி’ வெட்டி அகற்றலையும் குறிக்கும். இலண்டனில் பிறந்த மாணவரும் இவற்றை முதலாம் வருடத்தில் புதிதாகவே படிக்கிறார். தமிழ்மொழி மூலம் வந்தவரை உண்மையில் சறுக்கவைப்பவை சாதாரணச் சிறு சொற்கள். ‘எக்செப்ட்’ என்ற ஒரு சொல்லைத் தவறவிட்டால் பல்தேர்வு வினாவின் விடை தலைகீழாகிவிடும். ‘மோஸ்ட் லைக்லி’ என்பதற்கும் ‘மே’ என்பதற்கும் ‘ஆல்வேஸ்’ என்பதற்கும் உள்ள உறுதிநிலை வேறுபாட்டைப் பிடிக்காதவர், பாடம் முழுவதும் தெரிந்திருந்தும் பிழையான கூற்றைச் சரியென அடையாளமிடுவார். ‘அன்லெஸ்’ வரும் வசனத்தை ‘இஃப்’ போல வாசித்தால் சிகிச்சை விதியே மாறிவிடும். ஆகவே குறிப்புப் புத்தகத்தில் எழுதிச் சேர்க்க வேண்டியவை நோய்ப் பெயர்களைவிட இத்தகைய இணைப்புச் சொற்களே.

பேச்சுப் பயிற்சிக்கும் பாடமே போதும். இதயத்தின் படமொன்றை வெறுந்தாளில் வரைந்து, குருதி எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதை இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் உரத்துச் சொல்லி, அதைக் கைபேசியில் பதிந்து கேட்டுப் பார்த்தால், நாவு எங்கே நிற்கிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். விவா எனப்படும் வாய்மொழிப் பரீட்சை ஏறக்குறைய இதே செயலைத்தான் கேட்கிறது. அங்கே இலக்கணப் பிழைக்காகத் தோற்றவரைவிட, விடை தெரிந்தும் வாய் திறவாமல் நின்றதால் தோற்றவரே அதிகம் என்பது பீடங்களில் பொதுவாகக் கூறப்படுவது. புதிய மாணவருக்குப் பீடம் நடத்தும் ஆங்கிலப் பயிற்சி வகுப்புகளையும் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். அங்கே பின்வரிசையில் ஒளிந்துகொள்ளும் நல்ல மாணவர் பலர் உளர்.

விடுதியில் இரண்டு மொழிகள்

உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிரிரசாயனவியல் ஆகியவற்றை உள்ளடக்கிய தொடக்கப் பகுதியை இரண்டாம் எம்.பி.பி.எஸ். பரீட்சையுடன் முடித்து, மாணவர் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் நோயாளர் விடுதிகளுக்குள் நுழையும்போது மொழிநிலை மீண்டும் மாறுகிறது. நோயாளியிடம் தமிழில் கேட்டு, வைத்திய நிபுணரிடம் ஆங்கிலத்தில் முறைப்படி ஒப்புவிக்க வேண்டும்: முதன்மை முறைப்பாடு, அது தொடங்கி வளர்ந்த விதம், முந்திய நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், குடும்ப வரலாறு, வாழ்க்கைச் சூழல் என்ற ஒழுங்கு பிறழாமல்.

இவ்விடத்தில் தமிழ்மொழி மூலம் வந்த மாணவரின் கை மேலோங்குகிறது, ஆனால் விழிப்பாக இருந்தால் மட்டுமே. பருத்தித்துறையிலிருந்து வந்த முதியவர் ‘களைக்குது’ என்று சொல்லும்போது அவர் மூச்சு வாங்குவதைக் குறிக்கிறாரா, உடற்சோர்வைக் குறிக்கிறாரா என்பதைப் படியேறினால் என்ன நடக்கிறது, இரவில் நிமிர்ந்து படுக்க முடிகிறதா என்று மேலும் கேட்டே தெளிய வேண்டும். முன்னையதாயின் இதயத்தையும் நுரையீரலையும், பின்னையதாயின் குருதிச்சோகையையும் பிறவற்றையும் முதலில் நினைக்க வேண்டியிருக்கும். ‘முட்டு’, ‘சத்தி’, ‘வயித்தாலை போகுது’, ‘சலக்கடுப்பு’ என்னும் சொற்கள் எந்த ஆங்கிலப் பாடநூலிலும் இல்லை, ஆனால் நோயறிதல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கொழும்பில் ஆங்கிலத்திலேயே வளர்ந்த தமிழ் மாணவரும் தென்னிலங்கையிலிருந்து வரும் சிங்கள மாணவரும் இச்சொற்களுக்காக யாழ்ப்பாண நண்பர்களையே நாடுவதால், அவர்களுடன் இணைந்து ஒருவர் நோயாளியிடம் கேட்டலையும் மற்றவர் ஆங்கிலத்தில் ஒப்புவித்தலையும் மாறிமாறிச் செய்வது இருதரப்புக்கும் இலாபமான ஏற்பாடாகும்.

மாவட்ட ஒதுக்கீட்டில் தெரிவாகி ருகுணு, ரஜரட்ட போன்ற பீடங்களுக்குச் செல்லும் யாழ்ப்பாண மாணவருக்கு நிலைமை மறுதலையானது. காலியிலும் அநுராதபுரத்திலும் நோயாளிகள் பெரும்பாலும் சிங்களத்திலேயே பேசுவர். அங்கே ஆங்கிலம் நன்கு தெரிந்தும் சிங்களம் தெரியாத மாணவர் நோய்வரலாறு எடுக்க இயலாமல் நிற்பார். அத்தகைய அனுமதிக் கடிதம் கைக்கு வந்தவர், காத்திருக்கும் மாதங்களில் ஒரு பகுதியை ஆங்கிலத்திலிருந்து வெட்டிச் சிங்களப் பேச்சுக்கு ஒதுக்க வேண்டும். எழுத்து பின்னர் வரட்டும், எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பவற்றைக் கேட்டு விடையை விளங்கிக்கொள்ளும் அளவு முதலில் போதும்.